செய்தியை வரைகிறோம், சரி. யார் முகத்தை வரைகிறோம்?

கரித்துண்டு எழுதியது:

வணக்கம். அவ்வப்போது என் ஸ்கெட்ச் புத்தகப் பக்கங்களை இங்கே போடுபவள்தான். இந்த முறை படம் இல்லை, கேள்வி. கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாட்டில் ஏதாவது பெரிய கொடுமை நடந்தால் அன்று மாலைக்குள் என் இன்ஸ்டாகிராம் முழுக்க ஓவியங்கள் வந்துவிடுகின்றன. குனிந்த தலை, கன்னத்தில் ஒரு சொட்டு, பின்னால் சிவப்பு, கீழே ‘நீதி வேண்டும்’. முகத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரியாது, பின்னணியைப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியாது. அடுத்த மாதம் வேறு ஊரில் வேறு கொடுமை நடந்தால் எழுத்தை மட்டும் மாற்றி அதே படத்தைப் போடலாம். போடுகிறார்கள்.

2024 மே மாதம் காசாவின் ரஃபாவில் அகதிகளின் கூடாரங்கள் மீது குண்டு விழுந்து எரிந்தது. அதற்கு இரண்டு நாளில் உலகம் முழுக்கப் பரவியது ஒரே ஒரு படம்: மலைகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கூடாரம், நடுவில் ஆங்கில எழுத்து. ஏஐ செய்த படம். நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பகிர்ந்தார்கள். அதில் ஒரு மனிதர்கூட இல்லை. ரஃபாவில் அப்படி மலையும் இல்லை. காசாவிலிருந்து உயிரைக் கொடுத்துப் புகைப்படம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் படங்களை இன்ஸ்டாகிராம் மங்கலாக்கி மறைத்தது. ஆள் இல்லாத படம் மட்டும் தடையில்லாமல் ஓடியது. பகிர்ந்தவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்ந்தார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் நான் வைக்கும் ஆள் சித்தப்பிரசாத். 1915இல் நைஹாட்டியில் பிறந்தவர். ஓவியப் பள்ளிப் படிப்பு இல்லை, கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர். 1943 வங்கப் பஞ்சத்தின்போது நவம்பரில் மேதினிபூர் மாவட்டம் முழுக்க நடந்து, பார்த்தவர்களை மையில் வரைந்தார். பல படங்களில் அந்த ஆளின் பெயர், ஊர், என்ன வேலை செய்தவர், நிலத்தை எப்போது இழந்தார் என்று குறிப்பு இருக்கிறது. அதையெல்லாம் தொகுத்து ‘ஹங்ரி பெங்கால்’ என்று சிறு புத்தகமாகப் போட்டார்கள். 5,000 பிரதிகள். பிரிட்டிஷ் அரசு கைப்பற்றி எரித்தது. குடும்பத்தினர் பத்திரமாக வைத்திருந்த ஒரு பிரதியிலிருந்துதான் 2011இல் மறுபதிப்பு வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். படைப்பாற்றல் என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, தெரியாததைக் கற்பனையால் நிரப்புவது. மற்ற எதை வரையும்போதும் அது சரி. இன்னொருவருக்கு நடந்த அநீதியை வரையும்போது அப்படி நிரப்புவது அந்த ஆளை அழிப்பது. பெயர் தெரியாத, விசாரிக்காத முகத்தை வரைந்துவிட்டு அவருக்காக நீதி கேட்பதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் எல்லாம் என்ன நினைக்கிறீர்கள்?

---

சும்மா_கேட்டேன் எழுதியது:

அப்படியானால் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியத்தை என்ன செய்யலாம்? கிழித்துப் போட்டுவிடலாமா? 🙂

1937 ஏப்ரல் 26இல் ஸ்பெயினில் அதே பெயருள்ள ஊர்மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பிக்காசோ பாரிஸில் இருந்தார். அங்கே போகவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை, பத்திரிகைச் செய்தி படித்தார். கிட்டத்தட்ட ஐந்து வாரத்தில் மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் நீளத்துக்கு வரைந்து முடித்தார். அதில் ஒருத்தருக்கும் பெயர் இல்லை. குதிரையும் மாடும் வேறு. ஆனால் 2003 பிப்ரவரியில் ஈராக் போரை நியாயப்படுத்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வுக்கு வந்தபோது, பாதுகாப்பு அவை வாசலில் தொங்கிய அந்தப் படத்தின் நெசவுப் பிரதியை நீலத் திரை போட்டு மூடினார்கள். பெயரில்லாத முகங்களுக்குப் பயந்துதானே மூடினார்கள்?

---

கரித்துண்டு எழுதியது:

ஊரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார் அவர். அந்தப் படத்தைப் பார்க்கிற யாரும் ‘இது எங்கே?’ என்று கேட்டே ஆகவேண்டும். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு ‘துயரம்’ என்று தலைப்பு வைத்திருந்தால் யாரும் திரை வாங்கச் செலவு செய்திருக்க மாட்டார்கள்.

ஆனாலும் நீங்கள் சொல்வதை ஒதுக்க முடியவில்லை. யோசிக்கிறேன்.

---

பிளக்ஸுக்கு_முன் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. நான் படித்த ஓவியன் இல்லை. பேனர், கட்அவுட் வரைந்து பிழைத்தவன். 2000க்குப் பிறகு பிளக்ஸ் வந்து எங்கள் தொழில் போனது எல்லோருக்கும் தெரியும். கட்அவுட் கதையை விடு. கூடவே இன்னொரு வேலையும் செய்வோம், அதைச் சொல்கிறேன்.

வீட்டில் யாராவது இறந்துபோனால் படம் வரையச் சொல்லி வருவார்கள். கையில் ஒரே ஒரு போட்டோ இருக்கும். ரேஷன் கார்டில் ஒட்டியது, இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தில் பத்துப் பேருக்கு நடுவில் நெற்றி மட்டும் தெரிவது. அதன்மேல் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்குவோம். போட்டோவில் பாதி முகம் நிழலாக இருக்கும். அந்தப் பாதியை நாம்தான் போடவேண்டும், நீ சொல்கிற கற்பனைதான் அது. ஆனால் நம் இஷ்டத்துக்குப் போட முடியாது. அவர் அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ‘புருவம் இப்படி இல்லப்பா’ என்பார். மச்சம் எந்தப் பக்கம் என்று அக்காவும் தங்கையும் சண்டை போடுவார்கள். அவர் பல் கொஞ்சம் எடுப்பு, அதை அழகாகத் திருத்திப் போட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துப் போட்டேன் ஒரு தடவை. ‘இது யாரோ’ என்று சொல்லிவிட்டார்கள். திரும்பப் பல்லை எடுப்பாகப் போட்ட பிறகுதான் அந்த அம்மா அழுதார், காசும் கொடுத்தார்.

சினிமா ஹீரோவுக்கு வரையும்போது கன்னத்தில் ரோஸ், நீலம், பச்சை எல்லாம் அடிப்போம், ஒரு பயலும் கேட்கமாட்டான். செத்தவர் படத்தில் ஒரு கோடு பிசகினாலும் கேட்க ஆள் இருக்கும். உன் இன்ஸ்டாகிராம் படங்களைக் கேட்க ஆள் இல்லை. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

---

கரித்துண்டு எழுதியது:

ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். ‘கேட்க ஆள்’ என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் சுற்றிச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

---

நீதிமன்ற_வராண்டா எழுதியது:

பெயர், பெயர் என்கிறீர்கள். கொஞ்சம் நிதானம். வக்கீல் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் சட்டம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ, புதிய சட்டத்தில் 72. ஓவியத்துக்கு விலக்கு கிடையாது. முகச்சாயல் வைத்து ஆள் தெரிந்தாலே பிரச்சினை. அங்கே உங்கள் முகமில்லாத படம்தான் நாகரிகம். அடுத்தது பிழைப்பு. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைப் பெயர் போட்டு வரைகிறீர்கள், படம் நன்றாக ஓடுகிறது. மறுநாள் மேஸ்திரி கையில் அது இருக்கும். வேலை போவது வரைந்தவருக்கு இல்லை.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். நம் ஊரில் படத்துக்காகவோ பாட்டுக்காகவோ யார்மீது வழக்கு வந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள். 1987இல் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் விட்டார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். 2015இல் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன்மீது தேசத் துரோகப் பிரிவு 124ஏ. 2017இல் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதை வரைந்த கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். அந்தப் படத்தில் எரியும் குழந்தையும் உண்டு, நோட்டுக் கட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் அதிகாரத்தில் உள்ளவர்களும் உண்டு. புகார் வந்தது குழந்தையை வரைந்ததற்காக இல்லை; கொடுத்தவர் கலெக்டர். 2025 பிப்ரவரியில், அமெரிக்கா நம் ஆட்களுக்கு விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் அனுப்பிய சமயம், பிரதமரைச் சங்கிலியோடு வரைந்த கார்ட்டூனுக்காக விகடன் தளமே முடங்கியது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்தால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் உயர் நீதிமன்றம் சொன்னது.

அழும் பெண்ணை வரைந்ததற்காக இங்கே யாரும் உள்ளே போனதாக நான் பார்க்கவில்லை. அழவைத்தவரை வரைந்தால்தான் கதவு தட்டப்படுகிறது. எனவே நீதிதான் உங்கள் அக்கறை என்றால் கீழே பார்த்து வரையாதீர்கள், மேலே பார்த்து வரையுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம்.

---

சும்மா_கேட்டேன் எழுதியது:

வக்கீல் சார் 👏 இழையை இத்தோடு மூடிவிடலாம்.

---

கரித்துண்டு எழுதியது:

மூடாதீர்கள். எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கிறது.

சித்தப்பிரசாத் புத்தகத்தை ஏன் எரித்தார்கள் அண்ணா? அதில் வைஸ்ராய் படம் இல்லை, சர்ச்சில் கேலிச்சித்திரம் இல்லை. முழுக்க முழுக்க நீங்கள் சொல்கிற ‘கீழே பார்த்து’ வரைந்த படங்கள். எலும்பும் தோலுமான ஆட்கள், கஞ்சித் தொட்டி, ஆள் போன வீடுகள். உங்கள் கணக்குப்படி அது யாரையும் தொந்தரவு செய்திருக்கக் கூடாது.

அது படமும் அறிக்கையும் சேர்ந்தது. எந்த ஊரில் அரிசி எங்கே பதுங்கியது, 1942 புயலுக்குப் பிறகு என்ன நிவாரணம் வந்தது, வரவில்லை என்று எழுத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே அந்த ஊர் ஆளின் முகம் இருக்கிறது. 20 முதல் 30 லட்சம் பேர் செத்த பஞ்சத்தைப் பஞ்சம் என்று அறிவிக்கவே மறுத்த அரசு அது. ‘ஐயோ பாவம் ஏழைகள்’ என்று பொதுவாக வரைந்திருந்தால் கவர்னர் மாளிகையில் மாட்டியிருப்பார்கள். இன்ன ஊர், இன்ன ஆள், இன்ன காரணம் என்று வந்ததும் அது சாட்சியம் ஆகிவிட்டது.

ஆக, கீழே பார்த்து வரைவது பயனற்றது இல்லை. விவரம் இல்லாமல் கீழே பார்ப்பதுதான் பயனற்றது.

பெயர் போட்டால் ஆபத்து என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதைக்கு.

---

அறுபதடிச்சாலை எழுதியது:

நான் சென்னையின் கண்ணகி நகர் மறுகுடியேற்றக் குடியிருப்பில் வளர்ந்தவன். 2020இல் எங்கள் பிளாக் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். நீங்கள் பேசுவது எங்கள் கதைமாதிரி இருப்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். நேர்மையாகச் சொல்கிறேன். நாலு மாடிக்கு ஒரு சின்னப் பெண் சிரிப்பதைத் தினமும் பார்த்துவிட்டு வேலைக்குப் போவது நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே இன்டர்வியூவில் முகம் மாறும். ஒரு கம்பெனியில் முகவரியைப் பார்த்ததும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள், அனுப்பவில்லை. பெயிண்ட் அடித்த பிறகு கேமராவோடு நல்ல சட்டை போட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். ‘ஓ, அந்த ஓவியம் இருக்கும் இடமா’ என்று கேட்கிறார்கள். அதுவும் ஒரு மாற்றம்தான்.

ஆனால் வருகிறவர்கள் சுவரைப் படம் பிடிக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து எங்களைத் தூக்கி இருபது கிலோமீட்டர் தள்ளி ஏன் போட்டார்கள், வீட்டு வேலைக்குப் போன எங்கள் அம்மாக்கள் எத்தனை பஸ் மாறினார்கள், எத்தனை பேர் பள்ளிக்கூடத்தை விட்டார்கள் என்று எந்தச் சுவரிலும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வண்ணம் இல்லாத சுவராக இருந்திருந்தால் வந்தவர்கள் அதையாவது கேட்டிருப்பார்களோ என்று சில நேரம் தோன்றும்.

அக்கா சொல்வதில் எனக்கு ஒன்று இடிக்கிறது. எங்களை எப்போதும் சோகமாகத்தான் வரையவேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. பெயர், ஊர், பிரச்சினை என்று மனுமாதிரி ஒரு படம் வேண்டாம். என் தங்கை கபடி ஆடுகிறாள், அதை வரையுங்கள்.

---

கரித்துண்டு எழுதியது:

கட்டாயம். தங்கையிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

---

வன்னிக்காற்று எழுதியது:

தள்ளி நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சியில் கந்தசாமி கோயிலுக்கு முன்னால் 2017 பிப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார். கொட்டகைக்குள் பிள்ளைகளின் படங்களைக் கட்டித் தொங்கவிட்டு இருந்தார்கள். கனபேர் நீதியைக் காணாமலே செத்தும் போனார்கள்.

அங்கே ஓவியம் இல்லை. அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம், அதைப் பெருப்பித்து லேமினேட் செய்தது. கீழே பெயர், கடைசியாகக் கண்ட இடம், திகதி. வெயிலில் நிறம் போய் முகம் நீலமாகிவிட்டால் திரும்பவும் பிரிண்ட் எடுப்பார்கள். வெளியிலிருந்து வந்த ஓவியர்கள் அந்த அம்மாமாரை, சுருக்கம் விழுந்த முகத்தை, கையில் இருக்கும் படத்தை வரைந்துகொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். வடிவான படங்கள்தான். ஆனால் வரைந்ததில் கையிலிருக்கும் பிள்ளையின் முகம் வெறும் சாம்பல் பூச்சாக இருக்கும். அந்த அம்மா இத்தனை வருஷம் உட்கார்ந்திருப்பதே அந்த முகத்துக்காகத்தான். பிளக்ஸுக்கு முன் ஐயா சொன்ன மச்சம், பல்லு எல்லாம் இங்கே இன்னும் பெரிய விஷயம் ஐயா. பிள்ளை வந்து நின்றால் ஆளை மட்டுக்கட்ட வேண்டுமே.

---

பிளக்ஸுக்கு_முன் எழுதியது:

படித்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியவில்லை தம்பி. யாராவது போட்டோ மங்கிப்போய்ப் படமாக வேண்டும் என்றால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். காசு வேண்டாம்.

---

சும்மா_கேட்டேன் எழுதியது:

இப்போது நிஜமாகவே கேட்கிறேன். 2017இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் டேனா ஷூட்ஸ் என்ற ஓவியரின் படம் ஒன்று பெரிய சண்டையானது. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற 14 வயது எம்மெட் டில் சவப்பெட்டியில் கிடக்கும் படம். பெயர் தெரியும், ஊர் தெரியும், தேதி தெரியும். கரித்துண்டின் நிபந்தனைகள் எல்லாம் சரி. இருந்தும் வெள்ளைக்காரப் பெண் இதை வரையலாமா என்று ஒரு கறுப்பின ஓவியர் படத்தை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றார். படத்தையே அழிக்கச் சொல்லி இன்னொருவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். இதற்கு என்ன தீர்ப்பு?

---

நீதிமன்ற_வராண்டா எழுதியது:

தீர்ப்பு சொல்ல நான் நீதிபதி இல்லை. 🙂 ஆனால் அந்த வழக்கில் எல்லோரும் மறக்கும் ஒருவர் அந்தப் பையனின் அம்மா, மேமி டில். சிதைந்த முகத்தை மூடாமல் வையுங்கள், உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னவர் அவர். படம் எடுக்க அனுமதித்ததும் அவர்தான். கறுப்பினப் பத்திரிகையான ‘ஜெட்’ அதை அச்சிட்டது. எதைக் காட்டலாம் என்று அந்த அம்மாவே முடிவெடுத்து, காட்டியும் விட்டார். அறுபது வருடம் கழித்து அதே முகத்தை எண்ணெய் வண்ணத்தில் இழுத்துக் குழப்பி வரைந்ததில் புதிதாக யாருக்கு என்ன தெரியவந்தது? அழிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால் நாளை விகடன் கார்ட்டூனுக்கும் அதே வாதம் வரும். ஆனால் அந்தப் படம் எனக்குத் தேவைப்படவில்லை. இரண்டும் வேறு வேறு.

---

நெறியாளர் எழுதியது:

இழை நன்றாகப் போகிறது. கட்சி அரசியல் பக்கம் இழுத்த இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.

---

கரித்துண்டு எழுதியது:

நான் இப்போது செய்துபார்ப்பதைச் சொல்கிறேன்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அதற்கு முன்பு நான் அங்கே போய் வரைந்தேன். பெரும்பாலும் பெண்கள். வரைந்தவுடன் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுவேன். ‘என் மூக்கு இவ்வளவு பெரிசா?’ என்று ஒரு அக்கா சண்டைக்கு வந்தார், பக்கத்திலிருந்தவர்கள் ‘ஆமாண்டி, அவ்வளவுதான்’ என்றார்கள். இன்னொருவர் தன்னை வரையவேண்டாம், கையை மட்டும் வரை என்றார். கையுறை இல்லாமல் பல வருடம் குப்பை அள்ளிய கை. எந்த விரலில் எப்போது கண்ணாடி கிழித்தது என்று வரிசையாகச் சொன்னார். கையைச் சுற்றி அதையெல்லாம் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கம்தான் நான் இதுவரை வரைந்ததில் எனக்குத் திருப்தியான ஒன்று. அதில் முகம் இல்லை, பெயர் இல்லை, ஆனால் அது வேறு யாருடைய கையாகவும் இருக்க முடியாது.

வக்கீல் அண்ணாவின் ஆபத்துக்கு இதுதான் எனக்குக் கிடைத்திருக்கும் வழி. பெயர் என் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும், இணையத்தில் இருக்காது. எதைக் காட்டலாம் என்பதை அவர்கள் சொல்வார்கள். ஒரு நகல் அவர்களுக்குப் போகும். இணையத்தில் போடுவதை அவர்கள் பார்த்த பிறகுதான் போடுவேன். வேகம் குறையும், செய்தி பழசான பிறகுதான் என் படம் வரும், லைக்கும் வராது. இரவுக்குள் ஏஐ நூறு கூடாரம் வரைந்து கொடுக்கும் காலத்தில் மெதுவாக வருவது ஒன்றும் தப்பில்லை என்று படுகிறது.

அப்புறம் ஐயா கவனத்துக்கு: மலிவான தாள்தான், பால்பாயிண்ட் பேனாதான். அதே வங்கப் பஞ்ச காலத்தில் ஓவியர் ஜைனுல் ஆபேதின் கல்கத்தாத் தெருக்களில் பொட்டலம் கட்டும் தாளில்தான் வரைந்தார் என்று படித்த பிறகு நல்ல தாள் வாங்கும் ஆசை போய்விட்டது.

---

பிளக்ஸுக்கு_முன் எழுதியது:

பேனா பரவாயில்லை. தாளாவது கொஞ்சம் நல்லதாக வாங்கும்மா. மலிவுத் தாள் பத்து வருடத்தில் பழுத்துப் பொடியாகும். சாட்சியம் என்று நீதானே சொன்னாய்.

---

கரித்துண்டு எழுதியது:

😄 வாங்குகிறேன்.

வக்கீல் அண்ணா, ஒரு சந்தேகம். இன்னொரு பக்கம் இருக்கிறது, போட அனுமதி வாங்கிவிட்டேன். முதுகு காட்டி நிற்கும் ஒரு அக்கா. ஒளிரும் மேல்சட்டையின் முதுகில் மாநகராட்சி முத்திரை தெரிகிறது. கழுத்திலிருந்து பின்பக்கமாகத் திரும்பித் தொங்கும் அட்டையில் பணியாளர் எண்ணும் தெரிகிறது, நான்தான் விடாமல் எல்லாவற்றையும் வரைந்துவிட்டேன். இரண்டையும் அழித்துவிடட்டுமா?

---

நீதிமன்ற_வராண்டா எழுதியது:

எண்ணை அழித்துவிடுங்கள். முத்திரை இருக்கட்டும்.